வார்டில் தமிழ் தெரிந்த பிள்ளை

முதலாண்டில் நோயாளியின் தலையணையைச் சரிசெய்துவிட்டு, அவர் தம் பேரனைப் பற்றிச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்ற, தாதிமை படிக்கும் பிள்ளை, மூன்றாம் ஆண்டில் அட்டாச்மென்ட் எனப்படும் மருத்துவமனைப் பயிற்சிக்காக வார்டுக்குத் திரும்பி வரும்போது, அழைப்பு மணி ஒலித்தாலும் கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் அமர்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை குறைவு என்று சக தாதியர் சிலர் சொல்வதுண்டு. அதை நான் ஏற்பதில்லை. சிங்கப்பூரில் பொது மருத்துவ வார்டு ஒன்றில் பதிவுபெற்ற தாதியாக வேலை செய்துகொண்டே, பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்துவருகிறேன். அப்படி இறுகிப்போன பிள்ளைகளில் பலர், தொடக்கத்தில் மற்றவர்களைவிட அதிகமாக நோயாளிகளிடம் ஒட்டிக்கொண்டவர்கள்.

தாதிமைப் படிப்புக்குத் தொழில்நுட்பக் கல்விக் கழகம், நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகள், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் எனப் பல வழிகள் உள்ளன. பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு வருபவர்களில் பலருக்குப் பதினேழு வயதுதான். காலை ஏழு மணி ஷிஃப்ட்டுக்காக உட்லண்ட்ஸிலிருந்தோ சுவா சூ காங்கிலிருந்தோ இருட்டிலேயே கிளம்பி வந்து, நாள் முழுவதும் பாராமீட்டர்ஸ் (ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் வெப்பநிலை போன்றவை) எடுத்து, உடம்பு துடைத்து, டயப்பர் மாற்றி, மூக்குக் குழாய் வழியாகப் பால் செலுத்தி, வீடு திரும்பியபின் ஒப்படைப்பு எழுத உட்காருகிறார்கள். வார்டில் செலவிட வேண்டிய மணிநேரம் குறைந்தால் அதைப் பின்னர் ஈடுசெய்ய வேண்டும் என்பதால், காய்ச்சலைக்கூட மறைத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சோர்வில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படும்போது தவறான மருந்து கொடுக்கப்படுகிறது. முதலாவது பணிச் சோர்வு. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து வெளியிட்ட அளவுகோல் அதை மூன்று கூறுகளாகப் பார்க்கிறது: உணர்வு வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் விலகி நிற்பது, தன் வேலையால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதை ஒரு நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாகத் தன் நோய் வகைப்பாட்டில் வரையறுத்தது. வேலைக்கு வெளியே உள்ள வாழ்க்கைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் குறிப்பிட்டது. தாதிமை மாணவர் இந்த வரையறையில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று நான் யோசித்ததுண்டு. வேலையாள் என்று அவரைக் கணக்கிடுவதில்லை, ஆனால் வேலையாளின் களைப்பு அவருக்கு முழுமையாக வந்துசேர்கிறது.

இரண்டாவது பரிவுச் சோர்வு. தாதியரைப் பற்றி எழுதும்போது கார்லா ஜாய்ன்சன் 1992இல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சார்ல்ஸ் ஃபிக்லி 1995இல் அதை விரிவாக ஆராய்ந்தார். பிறருடைய துன்பத்தைத் தொடர்ந்து அருகிலிருந்து பார்ப்பவருக்கு, அந்தத் துன்பமே மெல்ல மெல்ல உள்ளே படிந்துவிடும் நிலை இது. வேலைப்பளு குறைந்த வார்டிலும் இது வரும். ஒரே ஒரு நோயாளியாலும் வரும். பணிச் சோர்வுக்கு விடுப்பும் தூக்கமும் ஓரளவு கைகொடுக்கும். பரிவுச் சோர்வோடு வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளை, ஓய்வு நாள் முழுவதும் அதே படுக்கையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

இதில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. வார்டில் தமிழ் மட்டுமே பேசும் நோயாளி ஒருவர் இருந்து, மொழிபெயர்ப்பாளர் உடனே கிடைக்காமலும் போனால், அங்கிருக்கும் தமிழ் மாணவரைத்தான் எல்லாரும் தேடுவார்கள். மறதிநோய் முற்றிய பாட்டி, வாழ்நாளெல்லாம் பேசிய மலாயையும் ஆங்கிலத்தையும் இழந்து, சிறுவயதுத் தமிழுக்குத் திரும்பியிருப்பார். அவரைச் சாப்பிட வைக்கவும் குளிக்க வைக்கவும் அந்தப் பிள்ளையால் மட்டுமே முடியும். ஒரு வாரத்தில் பாட்டி அவளைத் தன் மகளின் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிவிடுவார். ஷிஃப்ட் முடிந்து அவள் பையை எடுக்கும்போது, "எங்கம்மா போற, என்ன விட்டுட்டு?" என்று கையைப் பிடித்துக்கொள்வார். பதினெட்டு வயதில் அந்தக் கையை விடுவித்துக்கொண்டு நடப்பது எளிதன்று.

இதைவிடக் கடினமானது கெட்ட செய்தியை மொழிபெயர்ப்பது. புதுக்கோட்டையிலிருந்தோ தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தோ வந்த வெளிநாட்டு ஊழியர் ஒருவர் கட்டுமானத் தளத்தில் அடிபட்டு வந்திருப்பார். மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்லுவதை மாணவர் தமிழில் சொல்ல வேண்டும். அடிபட்ட காலை அகற்ற வேண்டியிருக்கலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்திருக்கலாம். ஆனால் அந்த ஊழியரின் காதில் விழுவது பத்தொன்பது வயதுப் பிள்ளையின் குரல். அவர் நிமிர்ந்து பார்ப்பதும் அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான். "தங்கச்சி, ஊருக்குச் சொல்லிடாதீங்க, அம்மா தாங்க மாட்டாங்க" என்று அவர் கேட்கும்போது மருத்துவர் அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார். அந்தப் பிள்ளைக்கு அந்த வேண்டுகோளை யாரிடம் மொழிபெயர்த்துச் சொல்வது என்று தெரியாது. கெட்ட செய்தியைச் சொல்வதற்கு மருத்துவ மாணவர்களுக்குத் தனியே பயிற்சி அளிக்கிறார்கள். பாதி மருத்துவச் சொற்களுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டு நிற்கும் இந்தப் பிள்ளைக்கு அப்படி எதுவும் கிடைத்திருப்பதில்லை. மாணவர் தம் வீட்டில் பேசும் மொழியில், அம்மாவிடமும் அண்ணனிடமும் பேசும் அதே சொற்களில், இதைச் சொல்ல நேர்வதால் செய்தி மேலும் ஆழமாக இறங்குகிறது. நான் வேலை செய்த வார்டுகளில் இந்த மொழிபெயர்ப்பு மாணவரின் பயிற்சிப் பதிவேட்டில் ஏறியதில்லை. அதற்கு எடுத்த நேரத்தில் செய்யாமல் விட்ட பாராமீட்டர்ஸுக்கு மட்டும் கேள்வி வந்திருக்கிறது.

பிறகு மரணம். முதல் முறை இறந்தவரின் உடலுக்குச் செய்யும் பணிவிடையில் மாணவரும் உடன் நிற்பார்: குழாய்களை எடுப்பது, உடம்பைத் துடைப்பது, கண்களை மூடுவது, அடையாளப் பட்டையைச் சரிபார்ப்பது, துணியால் போர்த்துவது. குடும்பத்தாருக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் உண்டு, அனுபவமுள்ள தாதியருக்கு ஒருவருக்கொருவர் துணை உண்டு. மாணவர் இரண்டு வட்டத்திலும் சேர்ந்தவர் அல்லர். சில மணிநேரத்தில் படுக்கை சுத்தம் செய்யப்பட்டு அடுத்தவர் வந்துவிடுவார். வீட்டுக்குப் போனால், நம் வீடுகளில் சாவு நடந்த இடத்திலிருந்து வருபவர் முதலில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் அதைப் பேசவும் கூடாது. அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் மிஸ்ஸி (தாதி) வேலை புண்ணியமான வேலை என்று பெருமைப்படும் அதே குடும்பத்தில், அந்த நாளைப் பற்றி வாய்திறக்க ஒரு பிள்ளைக்கு எங்கும் இடமில்லாமல் போவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கல்லூரிகள் இதற்குச் சிந்தனைக் குறிப்பு எழுதச் சொல்கின்றன. கிரகாம் கிப்ஸ் 1988இல் வகுத்த சுழற்சியின்படி, என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக அமைந்தது, அடுத்த முறை என்ன செய்வேன் என்று எழுத வேண்டும். நல்ல முறைதான். மதிப்பெண் சேர்ந்ததும் அது கெட்டுவிடுகிறது. மனம் உடைந்துபோன பிள்ளை "இந்த அனுபவம் என் தொடர்புத் திறனை வளர்த்தது" என்று எழுதிக் கொடுப்பதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பிள்ளை கழிவறையில் அழுதுவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தாதியரைத் தக்கவைக்கச் சுகாதார அமைச்சு 2024இல் ஏஞ்சல் திட்டத்தை அறிவித்தது. தகுதிபெறும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 1,00,000 வெள்ளி வரை கிடைக்கும். வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் தொழிலை விட்டுப் போகலாமா என்ற எண்ணம் சிலருக்கு முதல் சம்பளத்துக்கு முன்பே, பயிற்சிக் காலத்திலேயே விழுந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் தேவைப்படுவதற்குப் பெரிய செலவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் தாதியான ஜானதன் பார்ட்டல்ஸ், ஒரு நோயாளி இறந்ததும் அங்கிருப்பவர்கள் அனைவரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் அமைதியாக நின்று இறந்தவரை நினைக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். அது பல மருத்துவமனைகளுக்குப் பரவியது. எங்கள் ஷிஃப்ட்டில் நானும் அதைச் செய்கிறேன், மாணவரையும் சேர்த்துக்கொள்கிறேன். அதன்பின், அடுத்த ஷிஃப்ட்டிடம் பொறுப்பை ஒப்படைப்பதற்கு முன், மாணவரை மருந்து அறைக்கு அழைத்துப் பத்து நிமிடம் பேசவிடுகிறேன். அதில் மதிப்பெண் இல்லை, குறிப்பெடுப்பதும் இல்லை. சில பிள்ளைகள் எதுவும் சொல்லாமல் நிற்பார்கள். அதுவும் எனக்குச் சம்மதமே.

மொழிபெயர்ப்பிலும் நான் ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறேன். சாப்பாடு, வலி, கழிவறை போன்ற அன்றாடத் தேவைகளுக்கு மாணவர் தாராளமாக உதவலாம். உறுப்பை அகற்றுவது, குணமாகாத நோய், மரணம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சென்றால், மொழிபெயர்ப்பாளருக்காகவோ தமிழ் தெரிந்த மூத்த தாதிக்காகவோ காத்திருக்கும்படி மருத்துவரிடம் கேட்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலோர், காரணத்தைச் சொன்னதும் காத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் மாணவர் எவருக்கேனும் தூக்கம் வராமல், வார்டை நினைத்தாலே வயிற்றைப் பிசைவதுபோல் இருந்தால், கல்லூரி ஆலோசகரிடம் போவதற்கு அட்டாச்மென்ட் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவி எண் 1771க்கு எந்நேரமும் அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் (SOS) அமைப்பின் 1767ஐ உடனே அழையுங்கள். கெட்ட செய்தியை மொழிபெயர்க்க உங்களை யாரேனும் கூப்பிட்டால், "நான் மாணவர், என்னுடன் ஒரு தாதி நின்றால் வருகிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன மாணவருக்கு நான் ஒருபோதும் மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை. உங்கள் வழிகாட்டி குறைப்பதாகச் சொன்னால், அதைக் கல்லூரியில் உங்கள் பயிற்றுநரிடம் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள்.