மோட்டார் பூட்டிய பைன்மரக் காரும் எடைக் கணக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில், பேரனும் நானும் இரண்டு மாதங்களாகப் பந்தயத்துக்கென்று ஒரு சிறிய பைன்மரக் காரை இழைத்தும் அறுத்தும் எடைபோட்டும் வருகிறோம். குவாசுலு-நட்டால் மாநிலத்தில் பைன் தோட்டங்கள் நிறைய இருப்பதால் கட்டைக்குப் பஞ்சமில்லை. தெரியாமல் இருந்தது எடைக் கணக்குதான்.

பைன்வுட் டெர்பி என்னும் இந்தப் பந்தயத்தை 1953இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்பவர் சாரணச் சிறுவர்களுக்காகத் தொடங்கினார். 7 அங்குலக் கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சுக்குப் பதில் நான்கு ஆணிகள், 5 அவுன்சுக்கு (142 கிராம்) மிகாத எடை; சரிவிலிருந்து விட்டால் புவியீர்ப்பு மட்டுமே இழுத்துச் செல்ல வேண்டும். அதில் மோட்டாருக்கு இடமில்லை. எங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் விடுமுறையில் நடத்தும் பந்தயத்தில் மட்டும் மோட்டாருக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

சக்கரத்தைச் சுழற்றுவதா, புரொப்பெல்லர் வைத்துத் தள்ளுவதா என்பதில் நாங்கள் அதிகம் தயங்கவில்லை. வழவழப்பான பிளாஸ்டிக் சக்கரம் பலகையைப் பிடிக்கும் பிடிப்பு அதன்மேல் உள்ள எடையைப் பொறுத்தது. இவ்வளவு இலேசான காரில் சக்கரம் வழுக்கித்தான் சுழலும். புரொப்பெல்லர் சக்கரத்தை நம்பியிருப்பதில்லை. பொம்மை ட்ரோன்களில் இருக்கும் 8.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மோட்டார் ஒன்றையும், 65 மில்லிமீட்டர் புரொப்பெல்லரையும், 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியையும் எடுத்துக்கொண்டோம். காற்று மேல்நோக்கி வீசும்படி மோட்டாரைச் சமையலறைத் தராசில் நிறுத்தி ஓடவிட்டபோது தராசு 40 கிராம் காட்டியது. அதாவது ஏறத்தாழ 0.4 நியூட்டன் உந்துவிசை.

முதல் காரை 142 கிராமுக்குச் சரியாக நிறைத்தது என் தவறு. புவியீர்ப்புக் காரில் கனம் நல்லது என்று பழகிய கை அது. அங்கே எல்லா எடைக்கும் ஒரே முடுக்கம்தான். ஆனால் காற்றுத் தடை கனமான காரின் வேகத்தைக் குறைவாகவே தின்னும் என்பதால் கனம் உதவுகிறது. மோட்டார் பூட்டியதும் கதை மாறிவிடுகிறது. எங்கள் ஒட்டுப்பலகைத் தடம் 10 மீட்டர் நீளமும், தொடக்கத்தில் 1.2 மீட்டர் உயரமும் கொண்டது. உயரம் மட்டும் தரும் வேகம் எந்த எடைக்கும் நொடிக்கு 4.85 மீட்டர். மோட்டாரோ 10 மீட்டருக்கு ஏறத்தாழ 4 ஜூல் ஆற்றலை எடை பாராமல் தருகிறது. அதைப் பகிர்ந்துகொள்ளும் எடை குறைந்தால் வேகம் கூடும். காகிதக் கணக்கில் 142 கிராம் கார் நொடிக்கு 8.9 மீட்டரையும், 95 கிராம் கார் நொடிக்கு 10.4 மீட்டரையும் எட்டுகின்றன. வேகம் ஏற ஏற உந்துவிசை குறையும் என்பதால் தடத்தில் அவ்வளவு கிடைக்காது. என்றாலும் எது முந்தும் என்பது மாறாது.

அப்படியானால் இன்னும் குறைக்கலாமே என்று 70 கிராமுக்கு இழைத்தோம். சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் மூட்டில் காரின் வலப்பக்கம் மேலே துள்ளி, கார் தடத்தை விட்டு வெளியேறியது. பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்முறுக்கு காரின் இடப்பக்கத்தை அழுத்தி வலப்பக்கத்தைத் தூக்குகிறது. மீன்பிடிக் கடையில் வாங்கிய ஈயக் குண்டுகளில் 25 கிராமை வலப்பக்க அடிவயிற்றில் குழி தோண்டிப் பதித்தோம். 95 கிராம் என்ற எடை இப்படித்தான் வந்தது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பேரனை நான் சாப்பிட விடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மூக்கில் உள்ள மைக்ரோ சுவிட்ச். தொடக்கக் கம்பியில் கார் சாய்ந்து நிற்கும்போது அதன் நெம்புகோல் அழுந்தி மோட்டார் அணைந்திருக்கும். கம்பி கீழே விழுந்த கணமே மோட்டார் ஓடும். தடத்தின் முடிவில் பஞ்சில் மோதியதும் நெம்புகோல் மறுபடி அழுந்தி அணைந்துவிடும். முதலில் வைத்த சுவிட்ச் விறைப்பானது; காரின் சாய்வு அதை அழுத்தப் போதவில்லை. மோட்டார் கம்பியருகிலேயே ஓடிச் சூடேறி, ஒருவித நெடி வந்தது. "தாத்தா, குச்சியை நீட்டினால் இலேசாக அழுந்துமே" என்று பேரன்தான் சொன்னான். 3 சென்டிமீட்டர் மெல்லிய கம்பியை நெம்புகோலில் பற்றவைத்ததும் சரியாகிவிட்டது.

ஆணிகளின் தலைக்கடியில் உள்ள பிசிறை அரத்தால் எடுத்து, துளைக்கருவியில் மாட்டிச் சுழற்றி, 600, 1000, 2000 எண் நீர் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்துக் கிராஃபைட் தூள் தூவுவது எல்லாக் கார்களுக்கும் பொதுவான வேலை. புரொப்பெல்லரைச் சுற்றி, குளிர்பான பாட்டிலில் வெட்டிய வளையம் ஒன்றைக் காவலாக வைத்திருக்கிறோம். சிறுவர்களின் விரல்கள் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

போன ஞாயிறு கைபேசியில் நொடிக்கு 240 படங்கள் எடுத்து எண்ணினோம். மோட்டார் இல்லாத கார் 2.8 நொடி, 142 கிராம் மோட்டார் கார் 2.2, புதிய கார் 1.9. முடிவில் இருந்த பஞ்சு போதவில்லை. கார் அதைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக் கதவில் முட்டியது. இந்த வாரம் பஞ்சை இரட்டிப்பாக்குகிறோம்.