ஊசி இல்லையா டாக்டர்?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கிளினிக்கில் தோல் கேஸ்கள் வரிசை கட்டும். சென்னைப் புறநகரில் நாய், பூனைகளுக்கான தனியார் கிளினிக் அது. ஈரம் காயாத வயிறும் தொடை இடுக்குமாக வரும் நாய்களைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் இருக்கும். நாயின் தோல் மெல்லியது என்பதால் கொப்புளம் அதிக நேரம் நிற்காது. உடைந்து, ஓரம் உரிந்த வட்டமாக மாறிவிடும். அந்த வட்டத்தைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு நினைவு வருவது ஒரே நோய்தான்: படர்தாமரை.

பாதிச் சிக்கல் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. மெடிக்கலில் போய் படர்தாமரைக்கு க்ரீம் கேட்டால் பல சமயம் கையில் கிடைப்பது ஒரு கலவை. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபீட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு. பூசிய இரண்டாம் நாளே சிவப்பு அடங்கும், சொறிவதும் குறையும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அடங்கியது அரிப்புதான், கிருமி இல்லை. பூசுவதை நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகக் கிளம்பும். நாய் நக்கி நக்கி ஸ்டீராய்டில் ஒரு பங்கு உள்ளேயும் போயிருக்கும். எங்களிடம் வரும்போது தோல் கறுத்து, மெலிந்து காகிதம் மாதிரி இருக்கும். நான் யாரையும் திட்டுவதில்லை. அதே க்ரீமை அவர்களும் தங்கள் மேல் பூசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

வட்டத்தின் ஓரத்தில் கண்ணாடித் தகட்டை அழுத்தி எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சில நிமிடங்களில் விடை தெரிந்துவிடும். கொத்துக் கொத்தாக ஊதா நிற உருண்டைகள், அவற்றை விழுங்கிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள். நாய்களில் இது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. 2005இல்தான் இதைத் தனி இனமாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். மற்ற நேரத்தில் நாயின் தோலிலும் மூக்கிலும் சாதுவாகக் குடியிருப்பது. உண்ணி, ஒவ்வாமை, ஈரம் என்று தோல் ஏதோ ஒரு வகையில் பலவீனமானால் மட்டுமே வாலாட்டும்.

புண் ஓரிரண்டு இடத்தில்தான், மேலோட்டமானது என்றால் ஆயின்ட்மென்ட் மட்டுமே எழுதுவேன். அப்போது அந்தக் கேள்வி வரும்: "ஊசி இல்லையா டாக்டர்? அட, மாத்திரையாவது?" ஒரு பெரியவர், "இவ்வளவு தூரம் ஆட்டோ பிடிச்சு வந்தது இந்தச் சின்ன டியூப்புக்கா?" என்று நேராகவே கேட்டார். என் வேலையில் நோயைக் கண்டுபிடிப்பதைவிட இதற்குப் பதில் சொல்லத்தான் அதிக நேரம் போகிறது.

அவரிடம் கணக்காகவே சொன்னேன். நான் எழுதியது மியூபிரோசின் என்ற, பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து. அதன் 2 சதவீத ஆயின்ட்மென்ட் என்றால் ஒரு கிராமில் 20 மில்லிகிராம் மருந்து, அதாவது 20,000 மைக்ரோகிராம். மருந்துக்குப் பணிகிற ஸ்டஃபைலோகாக்கஸை நிறுத்த ஒரு மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராமோ அதற்கும் குறைவோ போதும். விழுங்கும் மாத்திரை ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, தோலுக்கு வந்து சேரும்போது இவ்வளவு அடர்த்தி எந்தக் காலத்திலும் கிடைக்காது. போகிற வழியில் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் இடித்துவிட்டுப் போகும். பெரியவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. சரி, பூசிப் பார்க்கிறேன் என்று போனார்.

பூசுவது எப்படி என்று சொல்லாமல் டியூப்பை எழுதிக் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை. முடிக்கு மேல் பூசினால் மருந்து முடியில்தான் ஒட்டும். முதலில் சுற்றிலும் முடியைக் கத்தரிக்க வேண்டும், பொருக்கை ஊறவைத்து எடுத்துத் துடைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு மெல்லிசாகத் தேய்த்தால் போதும், வெண்ணெய் மாதிரி அப்ப வேண்டியதில்லை. அப்புறம்தான் பெரிய வேலை, பத்து நிமிஷமாவது நக்கவிடாமல் பார்த்துக்கொள்வது. கழுத்தில் கூம்பு மாட்டச் சொன்னால் பாதிப் பேர் "பாவம் டாக்டர், இவனுக்கு அது பிடிக்காது" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வழி, சாப்பாடு வைப்பதற்கும் வாக்கிங் போவதற்கும் சற்று முன்னால் பூசிவிடுவது. நாய்க்கு அந்த நேரத்தில் புண் நினைவே இருக்காது.

வயிறு முழுக்கப் பரவிய லாப்ரடாருக்கு 5 கிராம் டியூப் எந்த மூலைக்கு? அங்கே குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூதான். நுரையோடு பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். ஆழமாக இறங்கிய புண், காய்ச்சல், சோர்வு என்றால் நானே மாத்திரை எழுதுவேன். அதற்கு நான் எதிரி இல்லை.

மியூபிரோசினையும் முதல் மருந்தாக எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. மருத்துவமனைகளில் எம்ஆர்எஸ்ஏ என்ற, பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி மூக்கில் ஒட்டியிருக்கும் நோயாளிகளுக்கு அதை அகற்றப் பயன்படும் மருந்து அது. நாய்க்குக் கண்டபடி பூசி, கிருமிகள் அதற்கும் அடங்காமல் போய், அந்தக் கதவையும் அடைத்துவிடக் கூடாது. கிருமிநாசினியில் அடங்கக்கூடியதை அதிலேயே அடக்கப் பார்ப்பேன்.

பூனைகளுக்கு இன்னும் யோசிப்பேன். பூசியதை மிச்சம் வைக்காமல் நக்கிவிடும். இந்த ஆயின்ட்மென்ட்டின் அடிப்பொருளான பாலிஎத்திலீன் கிளைக்கால் அதிகமாக உள்ளே போவது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. தாடையில் வரும் பருக்களுக்கு மட்டும் தைரியமாக எழுதுகிறேன், பூனையின் நாக்கு நேராக எட்டாத சில இடங்களில் அதுவும் ஒன்று.

அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். புண் ஆறியிருந்தது. இன்னொரு டியூப் எழுதிக் கொடுங்கள், வீட்டில் இருக்கட்டும் என்றார். எழுதவில்லை. நாயின் காது மடலைப் புரட்டி உண்ணி தேடிக்கொண்டிருந்தேன். நான்கு கிடைத்தன. உண்ணிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன், முகம் மலர்ந்துவிட்டது.