அன்னத்தை அசைக்கப்போய்

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓர் ஓவியத்து அன்னத்தை அசையும் படமாக்குவதிலேயே போயிற்று. 1650 வாக்கில் டச்சு ஓவியர் யான் அசெலெய்ன் வரைந்தது. ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூட்டில் முட்டைகள், இடது மூலையில் நீந்தி வரும் நாய், நடுவே இறக்கைகளை விரித்துச் சீறும் அன்னம். பிற்காலத்தில் யாரோ முட்டையில் 'ஹாலந்து' என்றும் நாயின் மேலே 'நாட்டின் எதிரி' என்றும் எழுதிவைக்க, தன் கூட்டைக் காத்த பாவத்துக்கு அந்தப் பறவை அரசியல்வாதி ஆகிவிட்டது.

பதிப்புரிமைக் காலம் முடிந்த ஓவியங்களை இந்த அருங்காட்சியகம் பெரிய கோப்பாகவே இலவசமாகத் தருகிறது. வெட்டலாம், ஒட்டலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். ஓவியர் பெயரைப் போடவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. நான் போட்டேன்.

கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் இறக்கையைத் தனி அடுக்காக வெட்டுவது எளிது. வெட்டிய ஓட்டையை வானத்தால் அடைப்பதுதான் பெரும்பாடு. முந்நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் பழைய வானத்தில் எந்த இரண்டு அங்குலமும் ஒரே நிறத்தில் இல்லை. அசையும் படத்துக்கான ஜிஃப் கோப்போ ஒரு சட்டகத்துக்கு, அதாவது அசைவின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், 256 நிறங்களுக்கு மேல் ஏற்காது. மேகங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்தன. அன்னம் சீறவில்லை, மேசை மின்விசிறியாகச் சுழன்றது.

கடைசியில் இறக்கையை விட்டுவிட்டுக் கழுத்தையும் நாயின் தலையையும் மட்டும் அசைத்தேன். எட்டே சட்டகங்கள். நாய் தண்ணீரில் ஏறி இறங்குகிறது, அன்னம் ஓயாமல் முறைக்கிறது.

என் மகள் நாயின் கட்சி. அது எப்போது கரையேறும் என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.