ஒன்பது கேள்விகள்

2020 ஏப்ரல் 6, திங்கள்

இணைய வகுப்பில் இன்று இதய முணுமுணுப்பு, அதாவது இதயத் துடிப்புகளுக்கிடையே கேட்கும் கூடுதல் ஒலி. பேராசிரியர் ஒலிப்பதிவைப் போட்டார். இணைப்பு விட்டுவிட்டு வந்ததில் முணுமுணுப்பு எது, இரைச்சல் எது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை என் மார்பிலேயே வைத்துக் கேட்டேன். நிமிடத்துக்கு 104. உட்கார்ந்த இடத்திலேயே! காய்ச்சல் இல்லை, நான்காவது முறையாகப் பார்த்தாயிற்று.

ஏப்ரல் 11, சனி

விடிகாலை நான்கு மணிக்குப் படுத்துப் பதினொன்றுக்கு எழுந்தேன். "டாக்டர், இது எப்போது ஓயும்?" என்று உறவினர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். நானோ வார்டுக்குள் வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட மூன்றாம் ஆண்டு மாணவன். சீனியர்கள் கவச உடையில் வியர்த்துக்கொண்டிருக்க, நான் போர்வைக்குள் கிடக்கிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தேர்வுக்காக மனப்பாடம் செய்த மனச்சோர்வுக் கேள்வித்தாளை எனக்கே போட்டுப் பார்த்தேன். பிஎச்க்யூ-9. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வார நிலைக்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும்.

எனக்கு 9 வந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

அந்த 9 உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரடங்கில் யார்தான் ஒழுங்காகத் தூங்குகிறார்கள் என்று தூக்கத்துக்கு 1 போட்டிருக்கிறேன். பாடத்தில் மனம் நிற்காததற்கு இணைப்பின் மேல் பழியைப் போட்டு 0. எந்த எண்ணில் நின்றால் தப்பிக்கலாம் என்று தெரிந்தவன் திருத்திய விடைத்தாள் அது.

மறுபடி போட்டேன். 16. செத்துவிட்டால் தேவலை என்று தோன்றியதா என்னும் ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் இரண்டு முறையும் 0. அது இரண்டு முறையும் உண்மை.

ஏப்ரல் 24, வெள்ளி

ஜாமா என்னும் அமெரிக்க மருத்துவ இதழில் 2016இல் வந்த ஆய்வுத் தொகுப்பைப் படித்தேன். தொற்றுக்கு முந்தைய கணக்கு: மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள். அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் சிகிச்சை நாடியவர்கள் 15.7 சதவீதம்தான்.

ஏன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் கல்லூரியில் நான் போய் உட்கார வேண்டிய மனநல மருத்துவர்தான் நாளை எனக்கு வாய்மொழித் தேர்வு வைக்கப்போகிறவர்.

ஏப்ரல் 28, செவ்வாய்

அறைத்தோழனை அழைத்தேன். எதையெதையோ பேசிவிட்டு எண்ணைச் சொன்னேன். சற்று நேரம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதென்று நினைத்தேன்.

"எனக்கு 14" என்றான்.

மே 2, சனி

கல்லூரிக்குத் தொடர்பில்லாத ஒரு மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். அதே கேள்விகள், அதே வரிசை. தூக்கம் எப்படி என்று அவர் முடிப்பதற்குள் "3" என்றேன்.

"எண் வேண்டாம். நேற்று இரவு என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள்."

சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றார். தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.