பழைய கார்களில் தொடங்கிய மீன்பிடி: ஆரஞ்சு பீச்சில் ஆறு மணி நேரம்

இரண்டு தோளும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. பக்கத்துக் கட்டிலில் மச்சான் எப்போதோ தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு அடி ஆழத்திலிருந்து நான் ஏற்றிய ரெட் ஸ்னாப்பர் மீனின் கனம் இன்னும் கையிலேயே இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் பயண விவரம். பென்சகோலா விமான நிலையத்தில் இறங்கி அலபாமாவின் ஆரஞ்சு பீச்சுக்குப் போகிறவர்கள், வாடகைக் காரை முன்பே பதிவு செய்துவிடுங்கள். நாங்கள் டாக்சி செயலியை நம்பினோம். இரண்டு ஓட்டுநர்கள் அடுத்தடுத்து ரத்து செய்தார்கள். வெளியே நின்ற ஒருவர் 90 டாலர் பேசி ஏற்றிக்கொண்டார். இறங்கும்போது பெட்டிக்குத் தனி, சுங்கத்துக்குத் தனி என்று 125 கேட்டார். வந்த வழியில் ஒரு சுங்கச்சாவடிகூட இல்லை. ராத்திரி பதினோரு மணி, கொடுத்துவிட்டோம். அந்த 35 டாலர் எனக்கு இன்னும் எரிகிறது.

படகிலும் இதே கதைதான். தனிப் படகு எடுக்கக் கட்டுப்படியாகாது என்று, மற்றவர்களோடு சேர்ந்து போகும் ஆறு மணி நேரப் பயணத்தில் ஆளுக்கு 165 டாலர் கட்டியிருந்தோம். காலையில் போனால் எரிபொருளுக்கு 20 டாலர் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். மீனை வெட்டிக் கொடுக்கத் தனிக் கட்டணம் என்பது கரை திரும்பிய பிறகுதான் தெரிந்தது. இதையெல்லாம் விளம்பரத்திலேயே போடவேண்டும். உதவியாளருக்குத் தரும் டிப்ஸ் வேறு விஷயம். எங்கள் படகில் இருந்த பையன் ஆறு மணி நேரம் உட்காரவே இல்லை. அவனுக்கு இருபது சதவீதம் மனசாரக் கொடுத்தோம். மீன்பிடி உரிமம் தனியாக வாங்கத் தேவையில்லை, படகின் உரிமமே பயணிகளுக்கும் போதும்.

சரி, கடலுக்கு வருவோம்.

பெர்டிடோ பாஸ் முகத்துவாரத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஓடினோம். கேப்டன் இன்ஜினை நிறுத்திய இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. சுற்றிலும் ஒரே நீலம். ஆனால் ஒலியை அனுப்பிக் கடலடியைக் காட்டும் எக்கோ சவுண்டர் திரையைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றது. அடியில் கோடு போட்ட மாதிரி தட்டையான தரை. அதில் ஒரே இடத்தில் சின்னதாக ஒரு மேடு. அந்த மேட்டின் மேல் கோபுரம் மாதிரி மீன் கூட்டம்!

இந்தக் கடலடி பெரும்பாலும் மணலும் சேறும்தான். ஒண்ட ஒரு கல் இல்லாத இடத்தில், 'பார்' என்கிற கடலடிப் பாறைத் திட்டில் வாழும் மீன் எப்படித் தங்கும்? 1953-ல் ஆரஞ்சு பீச் படகுக்காரர்கள் முயற்சி எடுத்து, 250 பழைய கார்களின் கூடுகளைக் கடலில் இறக்க வைத்தார்கள். கார்கள் சில வருடங்களில் துருவேறி உதிர்ந்து போயின, ஆனால் அங்கே மீன் சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு இரண்டாம் உலகப் போர்க் காலத்து லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள் வந்தன. 1990-களில் ராணுவத்தின் பழைய டாங்கிகள் நூறு. 2013-ல் லூலூ என்ற 271 அடிச் சரக்குக் கப்பலையும் மூழ்கடித்தார்கள். செயற்கைப் பார் போடுவதற்கென்றே இன்று ஆயிரம் சதுர மைலுக்கு மேல் கடல் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நாங்கள் நின்ற இடத்தில் இருந்தது கான்கிரீட் பிரமிடு. பக்கங்களில் ஓட்டைகள், உச்சி திறப்பு. உள்ளே நுழைந்த ஆமை மாட்டிக்கொள்ளாமல் வெளியேறத்தான் அந்தத் திறப்பாம். புதிதாக இறக்கிய கான்கிரீட்டில் முதலில் பாசியும் கொட்டலசும் ஒட்டும், கடற்பஞ்சு வளரும், நண்டும் குட்டி மீனும் குடியேறும், அவற்றைத் தின்னப் பெரியவை வரும். அரசு போட்ட பார்கள் எங்கே இருக்கின்றன என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அனுமதி வாங்கித் தங்கள் செலவில் பார் போட்டவர்கள் இடத்தை வெளியே சொல்வதில்லை. மச்சான் போனைத் தூக்கியதுமே, இடத்தைக் காட்டும் எண்கள் இருந்த திரையைக் கேப்டன் கையால் மறைத்துவிட்டார். "மீனை எடு, என்னை எடு, இந்த எண்களை மட்டும் எடுக்காதே."

தூண்டிலில் வட்டக் கொக்கி, இரைக்குக் கணவாய்த் துண்டு. மீன் கடித்ததும் சுண்டக்கூடாது, நிதானமாகச் சுற்றினால் போதும், கொக்கி தானாக வாயோரத்தில் மாட்டும். நான் பழக்கதோஷத்தில் சுண்டி இரண்டைத் தவறவிட்டேன். மூன்றாவது விடவில்லை. "விடாதீங்க அத்தான், விடாதீங்க!" என்று மச்சான் கத்த, கம்பி வில்லாக வளைய, பத்து நிமிடம் போராடி மேலே கொண்டுவந்தேன். தண்ணீருக்கடியில் முதலில் வெளிர் சிவப்பாக ஒரு நிழல் தெரிந்தது. பிறகு முழு மீன். அந்தச் சிவப்பைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

சட்டப்படி ஆளுக்கு இரண்டு ஸ்னாப்பர்தான், ஒவ்வொன்றும் 16 அங்குலமாவது இருக்கவேண்டும். அடுத்து எனக்கு விழுந்தது அழகான கிளாத்தி மீன். ஜூன், ஜூலையில் அது முட்டையிட்டுக் காவல் காக்கும் காலம், பிடிக்கத் தடை. உடனே திருப்பி விட்டோம்.

திருப்பி விடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவ்வளவு ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் மீனுக்குக் காற்றுப்பை உப்பி, வயிறு வாய்வழியே வெளியே தள்ளிவிடுகிறது. அப்படியே போட்டால் அது நீரில் மல்லாந்து மிதக்கும். மிதப்பதைக் கவ்வ டால்பின்கள் படகைச் சுற்றியே காத்திருக்கின்றன. இதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். மீனின் உதட்டைக் கவ்விய கிளிப்பை எடையோடு ஆழத்துக்கு இறக்கினால், குறித்த ஆழத்தில் தானே திறந்துகொள்கிறது. இதையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ படகில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் சட்டமே வந்தது. சின்ன ஸ்னாப்பர் ஒன்றை அப்படி இறக்கினோம். கிளிப் காலியாக மேலே வந்தபோது எங்கள் படகில் கைதட்டல்.

செயற்கைப் பார் உண்மையில் மீனைப் பெருக்குகிறதா, இல்லை சிதறிக் கிடந்ததை ஒரே இடத்தில் சேர்த்துப் பிடிக்கக் கொடுக்கிறதா என்ற விவாதம் பழையது. ஸ்னாப்பர் 50 வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன். அளவும் எண்ணிக்கையும் பாராமல் பிடித்தால் எத்தனை பிரமிடு போட்டும் பிரயோஜனமில்லை என்பது என் கருத்து. கண்டதையும் கடலில் கொட்டுவதும் கூடாது. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் அருகே 1970-களில் சுமார் 20 லட்சம் டயர்களைப் பார் என்று சொல்லி இறக்கினார்கள். கட்டுகள் அறுந்து, புயலில் உருண்டு, பக்கத்தில் இருந்த இயற்கைப் பவளத்தையே அவை நொறுக்கின.

கரையில் ஒரு ஆய்வாளர் எங்கள் மீன்களை அளந்து, தலையிலிருந்து காதுக்கல்லை எடுத்துக்கொண்டார். மரத்துக்கு இருப்பதுபோல் அதிலும் வளையங்கள் உண்டு, எண்ணினால் வயது தெரியும்.

அப்புறம் சாப்பாடு! பிடித்த மீனைக் கொண்டுபோனால் சமைத்துத் தரும் உணவகங்கள் இங்கே இருக்கின்றன. ஆளுக்கு 17 டாலர், தொட்டுக்கொள்ள இரண்டு வகை சேர்த்து. பாதியைப் பொரிக்கச் சொன்னோம், பாதியை மசாலா தடவி இரும்புச் சட்டியில் கருக்கச் சொன்னோம். கருக்கியதை மறக்கவே முடியாது. மேலே காரமாக மொறுமொறுப்பு, உள்ளே பிட்டால் வெள்ளை வெளேரென்று பூப்போல உதிரும் சதை. காலையில் கடலில் இருந்த மீன் மதியம் தட்டில். மச்சான் பேசவே இல்லை, தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்தான்.

மொத்தக் கணக்குப் பார்த்தால் இருவருக்கும் விமானமும் விடுதியும் போக சுமார் 600 டாலர் ஆகிவிட்டது. நினைத்ததைவிட நூறு அதிகம். ஆனாலும் ஆசை விடவில்லை, அந்த லூலூ கப்பல் சுமார் 110 அடி ஆழத்தில்தான் கிடக்கிறது. டைவிங் பயிற்சிக்கு எவ்வளவு ஆகும் என்று மச்சான் சாப்பிட்ட இடத்திலேயே விசாரிக்க ஆரம்பித்துவிட்டான்.