புக்கு விசிலடித்தால்: லுவாங்க்வா நாட்குறிப்பு

13 அக்டோபர் 2024, ஞாயிறு

நான் ஜாம்பியா வந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. தலைநகர் லுசாகாவின் விமான நிலையத்தில் பெல்ட் சுற்றிச் சுற்றிக் கடைசியில் நின்றே போனது. கவுண்டரில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு "நாளை வந்துவிடும்" என்றார். எந்த நாளை என்று சொல்லவில்லை. மாற்றுத் துணி போனால் போகட்டும். பைனாகுலரும், இதற்கென்றே கடனாக வாங்கிய பெரிய லென்ஸும் அதில்தான் இருக்கின்றன.

"கையில வெச்சுக்கோன்னு சொன்னேனா இல்லையாடா?" என்றாள் அக்கா. முப்பது வருஷம் விலங்கியல் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். அவள் பைனாகுலர் அவள் கழுத்தில் தொங்கியது.

லுசாகாவிலிருந்து சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ம்ஃபுவேயில் இறங்கியதும் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் சூடு. மழைக்கு முந்தைய இந்த அக்டோபர்தான் இங்கே வருஷத்தின் மோசமான மாதம். இந்த வருஷம் மழையே பொய்த்துவிட்டது. பிப்ரவரியிலேயே அரசு வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. கரீபா அணையில் தண்ணீர் இல்லாததால் நாடு முழுக்கக் கரண்ட் கட். வழியெல்லாம் கடைகள் இருட்டிக் கிடந்தன. விருந்தாளிகளான எங்களுக்கு மட்டும் சோலாரில் மின்விசிறி. உறுத்தத்தான் செய்தது.

தங்குமிடம் லுவாங்க்வா ஆற்றின் கிழக்குக் கரையில். அக்கரையில் தெற்கு லுவாங்க்வா தேசியப் பூங்கா, சுமார் 9,050 சதுர கிலோமீட்டர். வேலி எதுவும் கிடையாது. இருட்டிய பிறகு காவலர் டார்ச்சோடு வந்து கூட்டிப்போனால்தான் சாப்பாட்டுக் கூடத்துக்கே போகலாம். 1991இல் இந்த ம்ஃபுவே பக்கத்தில் ஒரே சிங்கம் ஆறு பேரைக் கொன்றிருக்கிறது. பாடம் செய்த அதன் உடல் இப்போது சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இதைக் காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டாம்.

இரவெல்லாம் நீர்யானைகளின் உறுமல், பெரிய குடும்பத்துக் கிழவர்கள் சேர்ந்து சிரிப்பதுபோல.

14 அக்டோபர், திங்கள்

ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ஆறு மணிக்குப் பாலத்தைத் தாண்டிப் பூங்காவுக்குள். கூரையில்லாத வண்டி, சினிமாக் கொட்டகை மாதிரி பின்னுக்குப் பின் உயரும் மூன்று வரிசை. முன்னால் நெதர்லாந்துத் தம்பதி, நடுவில் நாங்கள்.

சஃபாரி என்றால் ஓட்டிக்கொண்டே போய்த் தேடுவது என்று நினைத்திருந்தேன். எங்கள் வழிகாட்டி அரை மணிக்கு ஒருமுறை எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். முதல் தடவை வண்டி பழுதோ என்று பார்த்தேன். காது கொடுத்துக் கேட்கிறார்.

புக்கு என்று ஒரு மான் இங்கே நம்மூர் ஆடு மாதிரி எங்கும் மேய்கிறது. ஆபத்தைக் கண்டால் ஓடாது. அதன் பக்கமே திரும்பி நின்று விட்டுவிட்டு விசிலடிக்கும். இம்பாலா மான் தும்முவதுபோல் சீறும், ஆனால் அது சும்மாவும் சீறும், பாதிக்குமேல் நம்ப முடியாது. பாபூன் குரங்கு மரத்திலிருந்து குரைக்கும். புக்கு விடாமல் விசிலடித்தால் மட்டும் வண்டியைத் திருப்பு என்றார்.

"நம்ம முதுமலையில புள்ளிமான் கூவுமே, அதே கதைதான்" என்றாள் அக்கா. அதுவும் சரிதான். ஆனால் முதுமலையில் நான் ஒருநாளும் மானின் தலையைப் பார்த்ததில்லை, புலி எங்கே என்றுதான் பார்த்தேன்.

ஏழரைக்கு அந்த விசில் கேட்டது. வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கம் பதினைந்து இருபது புக்கு, எல்லாத் தலையும் ஒரே பக்கம். நாற்பது நிமிஷம் காத்திருந்தோம். எந்தப் புல்லும் அசையவில்லை. கிளம்பிப் போய் ஒரு புளியமரத்தடியில் டீ குடித்தோம். ஆமாம், நம்ம புளியமரமேதான். புளிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 'இண்டிகா' என்று பேர் வாங்கிக்கொண்டது பிற்பாடு. அக்கா ஒரு பழத்தைப் பொறுக்கி உடைத்து வாயில் போட்டு, "இன்னும் காயணும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அதே வழியாகத் திரும்பினோம். ஓடைக்கரையில் வழிகாட்டி சட்டென்று நிறுத்திக் கீழே கையைக் காட்டினார். ஒரு மணி நேரத்துக்கு முன் எங்கள் டயர் பதித்துவிட்டுப் போன கட்டம் கட்டமான தடம். அதன் மேல், கட்டங்களை மாவுபோல் நசுக்கிக்கொண்டு, நான்கு விரலும் அகன்ற உள்ளங்காலும். நகக்குறி இல்லை. பெண் சிறுத்தை. நாங்கள் போகும்வரை அது காத்திருந்திருக்கிறது.

15 அக்டோபர், செவ்வாய்

பெட்டி வரவில்லை. போனில் பேசியவர், பெட்டி 'பயணத்தில் இருக்கிறது' என்றார். நானும்தான்.

இன்று கார்மைன் பீ-ஈட்டர், நம்ம பஞ்சுருட்டானின் பணக்கார உறவு. மாதுளை முத்தின் சிவப்பில் உடம்பு, தலையில் மயில்நீலம். ஆறு அரித்துச் செங்குத்தாக நிற்கும் மண்கரையில் நூற்றுக்கணக்கான வளைகள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் வந்து குடைந்து, குஞ்சு பொரித்து, மழை பிடித்து ஆறு ஏறுவதற்குள் கிளம்பிவிடும். ஒரு உடும்பு கரையில் ஒட்டிக்கொண்டு வளை வளையாகத் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பறவைகள் மேலே சிவப்பாகக் கொதித்தன. ஆறாவது வளையில் தலை உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அக்கா பைனாகுலரை இறக்கிவிட்டாள். பத்துப் பேருக்குப் பாடம் நடத்தியவள்தான், இருந்தாலும்.

கீழே, சுருங்கிப்போன ஆற்றில் நீர்யானைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. வாலை விசிறிபோல் ஆட்டிச் சாணியை இறைக்கும் காரியத்தைப் பக்கத்தில் பார்த்தோம். அதுபற்றி இதற்குமேல் வேண்டாம்.

16 அக்டோபர், புதன்

ஒட்டகச்சிவிங்கி, காலைக் கணக்கில் ஒன்பது. தார்னிகிராஃப்ட் வகை, லுவாங்க்வா பள்ளத்தாக்கை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. அக்கா நோட்டில் அடிக்கோடு போட்டாள்.

காண்டாமிருகம் உண்டா என்று நெதர்லாந்துக்காரர் கேட்டார். வழிகாட்டி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் சொன்னார்: 1990களின் இறுதிக்குள் நாட்டில் கறுப்புக் காண்டாமிருகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் கொம்புக்காக. 2003 முதல் வெளியிலிருந்து கொண்டுவந்து வடக்கு லுவாங்க்வாவில் விட்டு வளர்க்கிறார்கள். இங்கே இன்னும் இல்லை.

யானைதான் இன்றைய நாள். வின்டர்தார்ன் என்ற வேலமரம் தலைகீழ்ப் புத்திக்காரன், மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வெயிலில் காய்க்கிறது. சுருண்ட ஆப்பிள் தோல்போல் கீழே கிடந்த காய்களைப் பதினோரு யானைகள் ஒவ்வொன்றாகத் துதிக்கையால் பொறுக்கின. ஒரு காய், வாய். ஒரு காய், வாய். அவ்வளவு பெரிய உடம்புக்கு எவ்வளவு பொறுமை.

கூட்டத்துத் தலைவிக்குத் தந்தம் இல்லை. நம் நாட்டில் பெண் யானைக்குத் தந்தம் வெளியே தெரியாது, அதனால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. அக்காதான் நிமிர்ந்தாள். ஆப்பிரிக்காவில் பெண்ணுக்கும் தந்தம் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தோம். வளர்ந்த பெண் யானைகள் ஆறில் இரண்டு மொழுக்கு.

1970களின் தொடக்கத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு லட்சம் யானை அளவுக்கு இருந்தன. அடுத்த பதினைந்து இருபது வருஷத்தில் தந்தத்துக்காகச் சுட்டுச் சுட்டு மிகப் பெரும்பகுதியை முடித்துவிட்டார்கள். தந்தமில்லாதவளைச் சுட்டு யாரும் தோட்டாவை வீணாக்கவில்லை. அவள் பிழைத்தாள், தந்தமில்லாத மகளைப் பெற்றாள். இங்கே பெண் யானைகளில் தந்தமில்லாதவை 1969இல் பத்தில் ஒன்று போல. 1989இல் மூன்றில் ஒன்றுக்கும் மேல். "இதை நான் படம் போட்டு நடத்தியிருக்கேன். முன்னால வந்து நிக்கும்னு நினைக்கல" என்றாள் அக்கா.

வந்து நிற்கத்தான் செய்தது. தலைவி காதை விரித்து, புழுதி கிளப்பிக்கொண்டு நான்கு எட்டு எடுத்து வைத்தாள். தந்தமில்லாதவளுக்குக் கோபம் அதிகம் என்பது வழிகாட்டிகள் பேச்சு. எங்களவர் எஞ்சினைக் கிளப்பவில்லை, வண்டியின் கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். நின்றாள். தலையை உதறினாள். போனாள். பிறகு என் கையைப் பார்த்தால், அக்காவின் நகம் பதிந்த நான்கு பிறை.

17 அக்டோபர், வியாழன், பௌர்ணமி

மாலையில் சிங்கம். ஆறு பெண், ஒரு ஆண், எல்லாம் மல்லாந்து தூக்கம். ஆறு வண்டி. ஒருவர் வாக்கி-டாக்கியில் சொன்னதும் நாலாபக்கமும் புழுதி பறக்க வந்து சூழ்ந்துகொண்டோம், நாங்களும் சேர்த்துத்தான். ஒரு சிங்கம் கொட்டாவி விட்டபோது முப்பது கேமரா சத்தம். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம்போல. எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தே நிமிஷத்தில் வழிகாட்டி விலகியது பிடித்தது.

இருட்டிய பிறகும் சுற்ற அனுமதி உண்டு, இரவு எட்டு வரை. ஸ்பாட்டர் முன்னால் உட்கார்ந்து பெரிய விளக்கை இடமும் வலமும் வீசிக்கொண்டே போவார். இன்று விளக்குக்கே வேலையில்லை. சூரியன் அந்தப் பக்கம் இறங்க, நிலா இந்தப் பக்கம் ஏறியது. இந்த வருஷத்திலேயே பூமிக்குப் பக்கத்தில் வந்த பௌர்ணமி. மணலில் புக்குவின் காது நிழல்கூடத் தெரிந்தது. "இன்றைக்குச் சிறுத்தைக்குப் பட்டினி" என்றார் வழிகாட்டி. "நாளை மறுநாள் பாருங்கள். நிலா வர எட்டு மணி ஆகும். அதுவரை இருட்டு அதன் கையில்."

18 அக்டோபர், வெள்ளி

பெட்டி வந்தது! ஒரு சக்கரம் இல்லை, லென்ஸ் பத்திரம்.

காலையில் வண்டியில்லாமல் நடை. முன்னால் துப்பாக்கியோடு பூங்காக் காவலர், பின்னால் வழிகாட்டி, நடுவில் ஒற்றை வரிசையில் நாங்கள். இப்படி நடத்திக் கூட்டிப்போகும் வழக்கத்தை இங்கே வளர்த்தவர் நார்மன் கார். 1950இல் நுசெஃபு தலைவரோடு சேர்ந்து முகாம் ஒன்றைத் தொடங்கி, வருமானம் அந்த ஊர் மக்களுக்கே போக வழி செய்தார். நடந்ததில் ட்ஸெட்ஸி ஈ என்னை ஐந்து இடத்தில் கடித்தது. நீலமும் கறுப்பும் அதற்கு இழுப்பு என்பதை, நீலச்சட்டை போட்ட பிறகு சொன்னார்கள்.

19 அக்டோபர், சனி

இதை இரவு பதினொன்றுக்கு எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை.

ஐந்தே முக்காலுக்குச் சூரியன் போனது. ஆறரைக்கெல்லாம் கும்மிருட்டு. ஒரு புனுகுப்பூனை, அதன் சின்ன உறவான ஜெனட் இரண்டு. ஏழுக்குக் கொஞ்சம் முன்னால், முதல் நாள் நின்ற அதே ஓடைக்குப் பக்கத்தில், ஸ்பாட்டரின் விளக்கில் அவள் மாட்டினாள். ஒரு கணம்தான். புல்லோடு புல்லாக, வயிறு தரையில், எங்களைப் பொருட்டாகவே எடுக்காமல், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு.

ஸ்பாட்டர் விளக்கை அணைத்துவிட்டார். வழிகாட்டி எஞ்சினை அணைத்தார். நெதர்லாந்துக்காரர் ஏதோ முனகினார். விளக்கு மானின் கண்ணில் பட்டால் அதற்குக் கண் கூசிப் போகும், சிறுத்தைக்கு நாம் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே யார் பக்கமும் சேராமல் இருட்டில் உட்காருவதுதான் இங்கே முறை.

லென்ஸ் மடியில். கையளவு தூரத்தில் இருந்த அக்காவே தெரியவில்லை. பூச்சிச் சத்தம். தூரத்தில் நீர்யானை. முன் வரிசையில் யாரோ எச்சில் விழுங்கியது கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பத்து நிமிஷம் இருக்கலாம்.

விசில். ஒன்று. மறுபடி ஒன்று. அப்புறம் புல் கிழிபடும் சத்தம், குளம்புகள் நாலாபக்கமும் சிதறும் சத்தம், ஒரு கத்தல், அது பாதியில் நின்றது. அப்புறம் பூச்சிகள் உட்பட ஒன்றுமே இல்லை.

வழிகாட்டி மெல்ல ஐந்து வரை எண்ணியது கேட்டது. சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கு எரிந்தது. வளரும் வயதுப் புக்கு ஒன்றின் தொண்டையைக் கவ்வியபடி அவள் படுத்திருந்தாள். விலா மட்டும் ஏறி இறங்கியது. பிறகு எழுந்து, அதைக் கால்களுக்கு நடுவே தொங்கவிட்டு, இடறி இடறி இழுத்துப் போனாள். தூரத்தில் கழுதைப்புலி ஊளையிட்டதும் வேகம் கூடியது. அந்தப் புளியமரம். நாங்கள் டீ குடித்த அதே மரம். இரண்டு முறை சறுக்கி, மூன்றாவது முறை ஏறினாள், பட்டையில் நகம் பறண்டும் சத்தத்தோடு.

நான் எடுத்தது பதினேழு படம். பதினாறில் கறுப்பு, ஒன்றில் மஞ்சள் தீற்றல். அக்கா பார்த்துவிட்டு, "வாழைப்பழம் நல்லா வந்திருக்குடா" என்றாள்.

பூங்காவின் வாயிலை மூடும் நேரம் என்று திரும்பினோம். பாலத்தை நெருங்கும்போது நிலா வந்தது, ஒரு ஓரம் தேய்ந்து, புழுதியில் செம்பாக.

20 அக்டோபர், ஞாயிறு

மதிய விமானத்துக்கு முன் கடைசியாக ஒரு சுற்று. மரத்துக்குப் போனோம். கிளையிடுக்கில் ஒரு பின்னங்காலும் கொஞ்சம் தோலும் மட்டும். கீழே மண் முழுக்கக் கழுதைப்புலித் தடம். அவள் இல்லை.

வழிகாட்டி எஞ்சினை அணைத்தார். இந்த முறை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் புக்குக் கூட்டம் தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பின்னால் ஒரு அணில் கத்தத் தொடங்கியது. விடாமல் கத்தியது. நான்கு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிஷம்" என்றாள் அக்கா, தமிழிலேயே. அவருக்குப் புரிந்தது.