வாயால் சொன்ன புகார் எச்.ஆர். மேசையைத் தாண்டாது

பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகளில் பாலியல் தொல்லைக்கு ஆளாகி உதவி கேட்டு வரும் பெண்கள் பலர் ஏற்கெனவே புகார் சொல்லியிருப்பார்கள், வாயால். "நான் பேசிக்கிறேன்மா, எழுத்தெல்லாம் எதுக்கு" என்று எச்.ஆர். (பணியாளர் பிரிவு) ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கும். அந்த ஆறுதலுக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாவிட்டால் நாள் கணக்கும் இல்லை.

அதனால் முதல் வேலை மின்னஞ்சல். எச்.ஆருக்கு அனுப்பும்போதே உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி போகட்டும். வேலையை விட்டால் கம்பெனி முகவரி மறுநாளே பூட்டப்படும். நாள், நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் எல்லாம் வேண்டும். "அசிங்கமாகப் பேசினார்" என்பது விசாரணையில் நிற்காது. மலாயில் சொன்னால் மலாயிலேயே, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். கூச்சம் அவருக்கு வரவேண்டியது. வாட்ஸ்அப் செய்தியை எதிராளியின் எண்ணும் தேதியும் தெரியும்படி படம் பிடியுங்கள். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். சாட்சி இல்லையென்றால், அன்றே அக்காவிடமோ தோழியிடமோ சொன்னது உதவும்.

மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தின்படி முதலாளி புகாரை விசாரித்தாக வேண்டும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: அந்த 30 நாள் மறுப்புக்கு, விசாரணையை முடிப்பதற்கு அல்ல. இழுத்தடித்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். இலாகா விசாரிக்க உத்தரவிட்டால், அப்போதுதான் 30 நாளில் அறிக்கை தரும் கடமை வருகிறது. கடமை தவறும் முதலாளிக்கு 2023 முதல் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம்.

கம்பெனி "ஆதாரம் போதாது" என்றால் கதை முடிந்ததாக நினைக்க வேண்டாம். கூட்டரசு நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்த வழக்கிலும் உள் விசாரணை அப்படித்தான் சொன்னது. பாதிக்கப்பட்டவருக்கு 1,20,000 வெள்ளி இழப்பீடு கிடைத்தது. இப்போது 2022 பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றமும் இருக்கிறது. அது 2,50,000 வெள்ளி வரை இழப்பீடு தரலாம், மன்னிப்புக் கேட்கவும் உத்தரவிடலாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். பொதுவாக வக்கீல் கிடையாது, ஆகவே காகிதங்களை நீங்களே வரிசைப்படுத்திப் பழகுங்கள். ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: புகார் அங்கே இருக்கும்வரை அதே விஷயத்துக்குச் சிவில் வழக்குப் போட முடியாது.

தொட்டிருந்தால் போலீஸ் ரிப்போர்ட் தனியாக வேண்டும். தனியே போகத் தயங்கினால் பினாங்கின் டபிள்யூ.சி.சி. பெண்கள் மையத்தை முதலில் அணுகலாம்.

பெரும்பாலும் எல்லாம் கெடுவது ராஜினாமா கடிதத்தில். தொல்லை தாங்காமல் விலகுபவர் "சொந்தக் காரணம்" என்று எழுதிவிடுகிறார்; பிறகு கட்டாயப்படுத்தி வெளியேற்றினார்கள் என்று வாதாடுவது பெரும்பாடு. உண்மைக் காரணத்தைக் கடிதத்திலேயே எழுதுங்கள். வேலையைத் திரும்பக் கேட்கும் மனுவைத் தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும்; 61-ஆம் நாள் வாங்கமாட்டார்கள்.